மாலே ஜும்ஆப் பள்ளியின் மரப்பலகை: ஒரு பெயரும் இரு வாசிப்புகளும்

ஒரு நகரம் தன் வரலாற்றின் திருப்புமுனையை மறவாதிருக்கப் பல வழிகளைக் கையாளுகிறது. சில நகரங்கள் தூண் நாட்டுகின்றன. சில நகரங்கள் கல்லில் வெட்டி வைக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் நடுவே அமைந்த மாலே நகரமோ தன் வாழ்வின் தலையாய நாளை மரத்தில் செதுக்கி வைத்தது. ஹிஜ்ரி 548ஆம் ஆண்டு ரபீஉல் ஆகிர் மாதத்தில், அதாவது கி.பி. 1153ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதும், வெளிநாட்டிலிருந்து வந்த அபுல் பரகாத் யூஸுஃப் என்னும் பெரியாரின் கரத்தில் அது நிகழ்ந்தது என்பதும் அந்தச் செதுக்கெழுத்துச் சொல்லும் செய்தியாகும். இன்றும் மாலத்தீவில் ஆண்டுதோறும் ரபீஉல் ஆகிர் மாதத்தில் அந்நிகழ்வு அரசு விடுமுறையுடன் நினைவுகூரப்படுகிறது. ஆக, எட்டு நூற்றாண்டுகளைக் கடந்த ஒரு நினைவுநாளின் எழுத்துச் சான்றாக ஒரு மரப்பலகை விளங்குகிறது.

ஆயினும் அப்பலகையை ஒட்டி ஒரு நீண்ட விவாதம் உண்டு. அந்தப் பெரியார் எந்த ஊரினர்? மேற்கே மொரோக்கோவைச் சார்ந்த பர்பர் இனத்தவரா? வடக்கே ஈரானின் தப்ரீஸ் நகரத்தவரா? அல்லது ஆப்பிரிக்கக் கொம்பின் கடற்கரையிலுள்ள பர்பரா பகுதியினரா? மூன்று கருத்துக்கும் ஆதரவாளர்கள் உள்ளனர். பல்லாயிரம் கல் தொலைவில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் இந்த மூன்று நிலங்களும் அறபு எழுத்தில் ஏறத்தாழ ஒரே வடிவத்துள் அடங்கிவிடுகின்றன என்பதே இவ்விவாதத்தின் வியப்புக்குரிய செய்தி. அதை ஹதீஸ் கலை அறிஞர்கள் வகுத்துத் தந்த அளவுகோல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பவளக்கல்லும் மரமும்

மாலத்தீவில் கருங்கல் இல்லை; மலையும் இல்லை. கடலுக்கடியிலிருந்து வெட்டியெடுக்கும் பவளக்கல்லே அங்குக் கல். ஈரமாக இருக்கும்போது அறுக்கவும் இழைக்கவும் எளிதாயிருந்து, காய்ந்தபின் இறுகிவிடும் தன்மை அதற்கு உண்டு. தச்சர் மரத்தைப் பொருத்துவதுபோல் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டி, அக்கல்லால் அத்தீவினர் பள்ளிவாசல்களை எழுப்பினர். மாலத்தீவுகளின் பவளக்கல் பள்ளிவாசல்கள் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

அவற்றுள் முதன்மையானது மாலே நகரின் பழைய ஜும்ஆப் பள்ளி. திவெஹி மொழியில் அதனை ஹுகுரு மிஸ்கி என்பர். ஹுகுரு என்பது வெள்ளிக்கிழமையையும், மிஸ்கி என்பது மஸ்ஜிதையும் குறிக்கும். இப்போதுள்ள கட்டடம் கி.பி. 1658இல் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் சுல்தானின் காலத்தில் நிறைவெய்தியது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்த பள்ளி, இஸ்லாத்தைத் தழுவிய முதல் மன்னர் எழுப்பியது என்பது மரபு. பள்ளியின் அருகே நிற்கும் மினாரா 1675இல் அதே சுல்தானால் கட்டப்பட்டது. எதிரே சற்றுத் தள்ளி, மெது ஸியாரை என்று அழைக்கப்படும் அபுல் பரகாத் அவர்களின் அடக்கத்தலம் உள்ளது.

சுவர்கள் பவளக்கல்லாயினும் பள்ளியின் உட்புறத்தில் மரமே ஆட்சி செய்கிறது. மேற்கூரை, தூண்கள், கதவுகள் ஆகியவற்றில் நுண்ணிய செதுக்கு வேலையும் அரக்குப் பூச்சு வேலையும் நிறைந்துள்ளன. கடற்காற்றின் உப்பும், மழையும், கரையானும் மரத்தின் பகைகள். அப்படியிருந்தும், அந்நகரத்தார் தம் இஸ்லாமிய வாழ்வின் தொடக்கத்தைக் கூறும் வாசகத்தை மரத்திலேயே பொறித்தனர். தொழுகைக்கு வருவோரின் கண் நாள்தோறும் படும் இடம் பள்ளியின் உட்புறம் என்பது ஒரு காரணமாகலாம். அத்துடன், மரம் கெட்டுவிடும் என்று தெரிந்தே அதில் எழுதிய மக்கள், ஒவ்வொரு தலைமுறையும் அதைப் பேணிக் காக்கும் என்ற நம்பிக்கையுடன்தான் எழுதியிருக்க வேண்டும்.

இப்னு பத்தூத்தா கண்ட எழுத்து

இந்தச் செதுக்கெழுத்தைப் பற்றி வெளியுலகுக்கு முதன்முதலில் செய்தி தந்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பத்தூத்தா. 1343ஆம் ஆண்டின் இறுதியில் மாலத்தீவை அடைந்த அவர், அங்கே காழியாகப் பணியாற்றி, அரச குடும்பத்தாருடன் திருமண உறவும் பூண்டு, 1344இல் அங்கிருந்து புறப்பட்டார். அப்போது அத்தீவுகளை கதீஜா என்னும் அரசியார் ஆண்டுவந்தார். தென்னை நார்க் கயிறும், சோழியும், இன்று நம் கடற்கரை ஊர்களில் மாசி என்று வழங்கும் கருவாடும் அத்தீவுகளிலிருந்து பல நாடுகளுக்குச் சென்றதை அவர் தம் பயண நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

அத்தீவினர் முஸ்லிம்களான வரலாற்றை அவர் கூறும் முறை நம் கவனத்துக்குரியது. கதையைத் தொடங்குமுன் அதைத் தமக்குச் சொன்னவர்களின் பெயர்களை அவர் தருகிறார். ஃபகீஹ் ஈஸா அல் யமனீ, ஆசிரியரான ஃபகீஹ் அலீ, காழி அப்துல்லாஹ் முதலிய நம்பத்தக்கவர்கள் கூறினார்கள் என்கிறார். பயண நூலாயினும் இஸ்னாதின் ஒழுங்கை அவர் கைவிடவில்லை.

அவர்கள் சொன்ன செய்தியின் சுருக்கம் வருமாறு: மாதந்தோறும் கடலிலிருந்து விளக்குகள் நிறைந்த கப்பலைப் போன்ற தோற்றத்தில் ஓர் இஃப்ரீத் வரும். சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு கன்னிப்பெண்ணை அலங்கரித்துக் கரையிலுள்ள சிலைக்கோயிலில் இரவு முழுவதும் விட்டுவைப்பர். விடியும்போது அவள் உயிரற்றுக் கிடப்பாள். குர்ஆனை மனனம் செய்திருந்த அபுல் பரகாத் என்பவர் மாலேயில் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கியிருந்தார். ஒருமுறை அந்த மூதாட்டியின் ஒரே மகளுக்குச் சீட்டு விழுந்தது. அவளுக்குப் பதிலாக அவர் கோயிலுக்குச் சென்று இரவெல்லாம் குர்ஆன் ஓதினார். இஃப்ரீத் ஓதலைக் கேட்டுக் கடலுக்குள் பின்வாங்கியது. இதையறிந்த மன்னர் மறுமாதமும் அவ்வாறே நிகழக் கண்டால் இஸ்லாத்தை ஏற்பதாகக் கூறி, மாதம் முடியுமுன்னரே தம் குடும்பத்துடன் முஸ்லிமானார்.

இது செவிவழிச் செய்தி. இதன் முடிவில் இப்னு பத்தூத்தா வேறொரு வகைச் சான்றைச் சேர்க்கிறார். ஜும்ஆப் பள்ளியின் மக்ஸூராவில் மரத்தில் செதுக்கப்பட்டிருந்த எழுத்தைத் தாமே படித்ததாகவும், அஹ்மத் ஷனூராஸா என்ற சுல்தான் அபுல் பரகாத் அல் பர்பரீ அல் மக்ரிபீ என்பவரின் கரத்தில் இஸ்லாத்தை ஏற்றார் என்ற கருத்து அதில் இருந்ததாகவும் எழுதுகிறார். அந்தச் சுல்தான் தீவுகளின் வரி வருவாயில் மூன்றில் ஒரு பங்கை வழிப்போக்கர்களுக்கான தர்மமாக ஒதுக்கினார் என்பதும் அவர் தரும் தகவல். வழிப்போக்கராக வந்த ஒருவரால் ஈமானைப் பெற்றதற்கு நன்றியாக வழிப்போக்கர்கள் அனைவருக்கும் பங்கு வைத்த பண்பை நாம் இங்குக் காண்கிறோம்.

ஆனால் மாலத்தீவினரின் சொந்த மரபு வேறுவிதமாகப் பேசுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த காழி ஹஸன் தாஜுத்தீன் (மறைவு: கி.பி. 1727) அறபு மொழியில் எழுதத் தொடங்கி, அவருடைய குடும்பத்தார் தொடர்ந்து எழுதி நிறைவாக்கிய வரலாற்று நூல், அந்தப் பெரியாரை யூஸுஃப் ஷம்ஸுத்தீன் அத்தப்ரீஸீ என்று குறிக்கிறது. இஸ்லாத்தைத் தழுவிய மன்னரின் பெயரும் அதில் அஹ்மத் அன்று. முஹம்மத் அல் ஆதில் என்பதாகும். இந்நூலை ஜப்பானிய அறிஞர் ஹிகோயிச்சி யாஜிமா ஆய்ந்து 1980களில் தோக்கியோவில் பதிப்பித்தார். பள்ளியின் பலகை எழுத்தைப் பிற்காலத்தில் படித்தவர்களும் அப்பெயரை அத்தப்ரீஸீ என்றே வாசித்தனர். இலங்கைத் தொல்லியல் துறையின் தலைவராயிருந்த எச்.சி.பி. பெல் 1879, 1920, 1922 ஆகிய ஆண்டுகளில் மாலத்தீவுக்குச் சென்று திரட்டிய செய்திகள், அவர் மறைந்தபின் 1940இல் நூலாக வெளிவந்தபோது இவ்விவாதம் ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தது.

ஒரு பல்லின் வேறுபாடு

அறபு எழுத்தை அறிந்தோர்க்கு இச்சிக்கலின் வேர் எளிதில் விளங்கும். பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்து எழுத்துகளும் சொல்லின் இடையில் வரும்போது ஒரே வடிவம் உடையவை. கோட்டிலிருந்து மேலெழும் சிறு முனை ஒன்றே அவற்றின் உருவம். அதைப் பல் என்று எழுத்தாசிரியர்கள் கூறுவர். கீழே ஒரு புள்ளி இட்டால் பா. மேலே இரண்டு இட்டால் தா. கீழே இரண்டு இட்டால் யா. அதுபோலவே ரா என்ற எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் அது ஸாய் ஆகிவிடும். புள்ளி இல்லையேல் வேறுபாடு இல்லை.

இப்போது இரு பெயர்களையும் புள்ளிகளின்றி எழுதிப் பார்ப்போம். அல் பர்பரீ என்பது அலிஃப், லாம், ஒரு பல், ரா, ஒரு பல், ரா, இறுதி யா என அமையும். அத்தப்ரீஸீ என்பது அலிஃப், லாம், இரு பற்கள், ரா, ஒரு பல், ரா வடிவிலுள்ள ஸாய், இறுதி யா என அமையும். அத்தப்ரீஸீ என்று உச்சரிக்கும்போது லாமின் ஒலி மறைந்தாலும் எழுத்தில் அது நிற்கும் என்பதை நினைவில் கொள்க. ஆக, ஓசையில் எவ்வளவோ வேறுபட்ட இவ்விரு பெயர்களுக்கும் இடையே எழுத்துருவில் உள்ள வேறுபாடு லாமை அடுத்து வரும் ஒரேயொரு பல் மட்டுமே.

பழைய செதுக்கெழுத்துகளில் புள்ளிகளை விட்டுவிடுவது பரவலான வழக்கம். எழுத்தைப் படிப்போர் அதன் பொருளை முன்பே அறிந்தவர்கள் என்பதே செதுக்குவோரின் எண்ணம். உயரத்தில் அமைந்த பலகை, மங்கலான விளக்கொளி, எழுத்தின் இடைவெளிகளை நிரப்பும் கொடி வேலைப்பாடு ஆகியவற்றுக்கிடையே லாமின் வளைவோடு ஒட்டி நிற்கும் ஒரு பல் கண்ணுக்குத் தப்பிவிடுவது அரிதன்று. அவ்வாறே, இல்லாத பல்லை ஒரு கீறலிலோ மரத்தின் வெடிப்பிலோ கண்டுவிடுவதும் இயலும்.

இங்கே ஓர் உண்மையை உணர வேண்டும். புள்ளியற்ற எழுத்தில் புள்ளியை இடுபவர் வாசகரே. மொரோக்கோவின் தன்ஜா நகரிலிருந்து வந்த இப்னு பத்தூத்தாவுக்கு பர்பர் என்பது வீட்டுப் பெயர். தம் நாட்டவர் ஒருவரின் பெயரைத் தொலைதூரத் தீவில் காணும் மகிழ்ச்சியும் இயல்பானது. மறுபுறம், ஈரானியப் பண்பாட்டின் செல்வாக்கு ஓங்கிய பிற்காலத்தில், தப்ரீஸ் என்றாலே இறைநேசர்களின் ஊர் என்ற எண்ணம் கீழைநாட்டு முஸ்லிம்களிடையே வேரூன்றியிருந்தது. மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் ஆசிரியர் ஷம்ஸுத் தப்ரீஸீ அவர்களின் புகழ் எங்கும் பரவியிருந்தது. மாலே வரலாற்று நூல் தன் பெரியாருக்கு ஷம்ஸுத்தீன் என்ற பட்டத்தையும் சேர்த்துக் கூறுவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஷம்ஸுத் தப்ரீஸீயோ மாலே நிகழ்வுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்தவர். ஆக, இரு தரப்பினரும் தத்தம் உள்ளத்துக்கு அணுக்கமான புள்ளிகளையே இட்டிருக்க வாய்ப்புண்டு.

முஹத்திஸ்கள் வகுத்த அளவுகோல்

புள்ளி மாறுவதால் பெயர் மாறும் ஆபத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். எழுத்தைப் பிழைபட வாசிப்பதைத் தஸ்ஹீஃப் என்று பெயரிட்டு அதனை ஹதீஸ் கலையின் ஒரு தனித் துறையாகவே வளர்த்தனர். அபூ அஹ்மத் அல் அஸ்கரீ (ஹி. 382) முஹத்திஸ்களிடம் நேர்ந்த வாசிப்புப் பிழைகளைத் தொகுத்து நூல் எழுதினார். எழுத்தில் ஒத்தும் உச்சரிப்பில் வேறுபட்டும் வரும் பெயர்களை ஆராயும் துறைக்கு அல் முஃதலிஃப் வல் முக்தலிஃப் என்று பெயர். இப்னு மாகூலாவின் அல் இக்மால் அத்துறையின் பெருநூல். இப்னு பத்தூத்தா மாலேயில் பலகையைப் படித்த அதே காலத்தில் திமிஷ்கில் வாழ்ந்த இமாம் தஹபீ (ரஹ்) (ஹி. 748) அவர்களும் இத்துறையில் அல் முஷ்தபிஹ் என்ற நூலை இயற்றியுள்ளார்கள்.

ஓர் அறிவிப்பாளரின் செய்தியை ஏற்பதற்கு அவரது நேர்மை மட்டும் போதாது. ளப்த் எனப்படும் நினைவுத் துல்லியமும் வேண்டும் என்பது அவர்களின் விதி. நினைவிலிருந்து கூறுகிறாரா, எழுதிய ஏட்டிலிருந்து கூறுகிறாரா என்று அவர்கள் வினவுவார்கள். ஏடு தொலைந்தபின் நினைவிலிருந்து கூறுவோரின் செய்தியைத் தனித்துக் குறிப்பார்கள். இவ்விதிகளைக் கொண்டு இப்னு பத்தூத்தாவை நோக்குவோம்.

அவர் பலகையைப் படித்தது 1343 – 1344இல். தம் பயணங்களைச் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸையீ என்ற அறிஞர் எழுதி நிறைவாக்கியது ஹிஜ்ரி 756இல், அதாவது கி.பி. 1355இல். இடையே பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. மாலத்தீவிலிருந்து இலங்கைக்கும், அங்கிருந்து மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கடற்கரைக்கும் வந்த அவர், மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீயைச் சந்தித்தார். அந்தச் சுல்தான் மாலத்தீவின் மீது படையனுப்பத் திட்டமிட்டதையும் அவரே கூறுகிறார். அத்திட்டம் நிறைவேறவில்லை. அதன்பின் கொல்லத்திலிருந்து மேற்குக் கடற்கரை வழியே வடக்கு நோக்கிப் பயணம் செய்கையில் கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்து, அணிந்திருந்த ஆடை தவிர அனைத்தையும் பறித்துக்கொண்டனர். புகாரா நகரின் கல்லறை எழுத்துகளைத் தாம் படியெடுத்து வைத்திருந்ததாகவும், அவையும் கடற்கொள்ளையில் தொலைந்தன என்றும் அவர் தம் நூலில் வருந்திக் கூறுகிறார். மாலே பலகையின் படி ஏதேனும் அவரிடம் இருந்திருந்தால் அதற்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். பிறகு அவர் மாலத்தீவுக்கு மீண்டும் சென்றது தம் மகனைக் காண்பதற்காக. தங்கியதோ ஒருசில நாட்களே.

ஊர்ப்பெயரைச் சேர்த்துக் கூறும் நிஸ்பாவில் அவருடைய நினைவு தவறியதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. மாலத்தீவிலிருந்து வங்காளம் சென்ற அவர், அங்கே ஒரு மலைப்பகுதியில் முதுபெரும் இறைநேசர் ஒருவரைக் கண்டதாகவும், அவர் ஜலாலுத்தீன் அத்தப்ரீஸீ என்றும் எழுதினார். அவர் சந்தித்தவர் சில்ஹட் நகரின் ஷாஹ் ஜலால் (ரஹ்) அவர்களே என்றும், ஜலாலுத்தீன் தப்ரீஸீ அதற்கு நெடுநாள் முன்பே மறைந்துவிட்ட வேறொருவர் என்றும் ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். தப்ரீஸீ அல்லாத ஒருவரை அவர் தப்ரீஸீ ஆக்கியிருக்கிறார். எனில், தப்ரீஸீயான ஒருவரைப் பர்பரீ ஆக்கியிருக்க முடியாது என்று அறுதியிட்டுக் கூற இயலுமா? இதனால் அவரது நேர்மைக்குக் குறை ஏதும் இல்லை. நேர்மை வேறு, ளப்த் வேறு. இவ்விரண்டையும் பிரித்துணர்ந்ததே முஹத்திஸ்களின் சிறப்பு.

மத்ஹப் தரும் சான்று

எனினும் இப்னு பத்தூத்தாவின் பக்கம் வலுவான துணைச்சான்று ஒன்று இருப்பதை மறுத்துவிட முடியாது. அவர் காலத்தில் மாலத்தீவினர் மாலிகீ மத்ஹபைப் பின்பற்றினர். இந்தியப் பெருங்கடலின் பெரும்பாலான துறைமுகங்களில் ஷாஃபிஈ மத்ஹபே நிலைபெற்றிருந்த காலம் அது. மலபாரும், யமனும், கிழக்காப்பிரிக்கக் கரையும் ஷாஃபிஈ வழியில் நிற்க, நடுக்கடலில் ஒரு தீவுக்கூட்டம் மட்டும் மாலிகீ வழியில் நின்றது ஏன்? அந்த மக்ரிபீ பெரியாரின் வழியாக வந்ததே காரணம் என்கிறார் இப்னு பத்தூத்தா. மொரோக்கோவின் மத்ஹப் மாலிகீ. தப்ரீஸோ பெரிதும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த ஊர். எழுத்து சொல்லாததை இங்கே சட்டம் சொல்கிறது எனலாம்.

ஆப்பிரிக்கக் கொம்பின் பர்பராவைச் சுட்டுவோருக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. மக்தஷூ எனப்பட்ட மொகதிஷுவைச் சேர்ந்த அப்துல் அஸீஸ் என்பவர் மாலத்தீவில் ஒரு தீவின் தலைவராக இருந்ததை இப்னு பத்தூத்தாவே காண்கிறார். அக்கடற்கரைக்கும் மாலத்தீவுக்கும் போக்குவரத்து இருந்தது உறுதி. ஆனால் ஸைலா துறைமுகத்து பர்பரா மக்கள் ஷாஃபிஈகள் என்று அவரே வேறோரிடத்தில் எழுதுகிறார். ஆகவே மத்ஹப் சான்று அக்கருத்துக்குத் துணைவரவில்லை.

பிற்காலத்தில் அம்மக்கள் ஷாஃபிஈ மத்ஹபுக்கு மாறியதும் வரலாறு. 1558 முதல் 1573 வரை போர்த்துக்கீசியர் மாலேயை ஆக்கிரமித்தனர். முஹம்மத் தகுருஃபானு அவர்களை விரட்டி நாட்டை மீட்டார். அந்நாளில் யமன் நாட்டில் கல்வி கற்றுத் திரும்பிய முஹம்மத் ஜமாலுத்தீன் என்ற அறிஞரின் வழியாக ஷாஃபிஈ மத்ஹப் நிலைபெற்றது. அதன்பின் வந்த தலைமுறையினருக்குத் தம் முதல் ஆசிரியர் மாலிகீ நாட்டிலிருந்து வந்தவர் என்ற நினைவு தேவைப்படாமல் போயிருக்கலாம். அத்தப்ரீஸீ என்று எழுதும் உள்நாட்டு வரலாற்று நூல் இம்மாற்றத்துக்குப் பிற்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றை நிறுத்துப் பார்க்கும்போது எழுத்துவடிவின் சான்று ஒரு பக்கமும், மத்ஹபின் சான்று மறுபக்கமும் நிற்கின்றன. நம் எண்ணத்தில் மத்ஹபின் சான்றே கனமானது. எழுத்தை ஒருவர் தவறாகப் படித்துவிடலாம். ஒரு நாட்டு மக்கள் அனைவரும் தலைமுறை தலைமுறையாகத் தொழுத முறையும், காழிகள் தீர்ப்பளித்த முறையும் ஒரு பல்லின் பிழையால் தோன்றிவிடா. எனவே அபுல் பரகாத் அவர்கள் மாலிகீ மரபில் கற்றவர் என்று கொள்வதே பொருத்தம். ஊர்ப்பெயரில் கருத்து வேறுபாடு இருப்பினும், ஆண்டு, மாதம், இயற்பெயர், மன்னர் இஸ்லாத்தை ஏற்ற செய்தி ஆகியவற்றில் பலகையோ மரபோ தடுமாறவில்லை.

செப்பேடுகள் கூறும் மறுபக்கம்

பலகையின் வாசகம் சுருக்கமானது. ஒரு பெரியார் வந்தார். மன்னர் முஸ்லிமானார் என்று கூறி நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு நாடு ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. அதை அறிய உதவுபவை லோமாஃபானு எனப்படும் செப்பேடுகள். பழைய திவெஹி எழுத்தில் அமைந்த இவற்றுள் மிகப் பழையவை 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தவை. இஸ்து தீவின் செப்பேடு கி.பி. 1194ஐ ஒட்டியது. அதாவது பலகை குறிக்கும் நிகழ்வுக்கு 40 ஆண்டுகள் பிந்தியது.

பள்ளிவாசல்களின் பராமரிப்புக்காக நிலமும் வருவாயும் ஒதுக்கப்பட்டதை அச்செப்பேடுகள் பதிவுசெய்கின்றன. தெற்கிலுள்ள ஹத்தும்மதி பவளத்தீவுக் கூட்டத்தில் அப்போதும் பௌத்த மடங்கள் இருந்தன என்பதும், அங்கிருந்த துறவிகளை மாலேக்குக் கொணர்ந்து கொன்றனர் என்பதும் இஸ்து செப்பேட்டால் தெரியவருகின்றன. இதைப் படிக்கும்போது நம் உள்ளம் துணுக்குறுகிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது இறைமறையின் கட்டளை. அண்டிய வீட்டின் பெண்ணைக் காக்கத் தன்னுயிரைப் பணயம் வைத்த ஒருவர் ஓதிய குர்ஆனால் தொடங்கியது என்று மக்கள் போற்றும் வரலாற்றில், அரசின் வாள் பின்னர் செய்தது இது. அதை மறைப்பது வரலாற்றுக்கும் நேர்மையன்று; மார்க்கத்துக்கும் பெருமையன்று. அழைப்புப் பணியையும் ஆட்சியாளரின் செயலையும் பிரித்துக் காட்ட வேண்டியது அறிஞர்களின் கடமை.

இஸ்லாத்துக்கு முந்திய மாலத்தீவு பல நூற்றாண்டுகள் பௌத்த நாடாக விளங்கியது. முதலாம் இராசராச சோழன் வென்றதாகக் குறிக்கப்படும் பழந்தீவுகள் இவையே என்பர் வரலாற்றாசிரியர். அக்காலத்துப் பவளக்கல் சிற்பங்கள் மாலே தேசிய அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வந்தன. 2012 பிப்ரவரி 7ஆம் நாள், அரசியல் குழப்பத்தினிடையே ஒரு கும்பல் உள்ளே புகுந்து அவற்றின் பெரும்பகுதியை அடித்து நொறுக்கியது. அச்சிற்பங்களை வணங்குவோர் எவரும் அந்நாட்டில் இல்லை. எட்டு நூற்றாண்டுகள் அம்மண்ணில் வாழ்ந்த முஸ்லிம்களின் ஈமானுக்கு அவற்றால் ஊறு நேர்ந்ததும் இல்லை.

இந்த அழிவு நம் மரப்பலகையையும் பாதிக்கிறது என்பதைச் சிந்திப்போர் உணர்வர். மன்னர் முஸ்லிமானார் என்று பலகை கூறுகிறது. அதற்கு முன் அவர் எந்நிலையில் இருந்தார், அம்மக்கள் எதை விட்டு எதற்கு வந்தார்கள் என்பதற்கு அச்சிற்பங்களே சாட்சி. முன்னதன் சாட்சியை அழித்துவிட்டால் பின்னதன் சாட்சியம் பாதியாகிவிடும். வழக்கில் ஒரு சாட்சியைக் கொன்றுவிட்டு மறு சாட்சியைக் கொண்டு நீதி பெற எந்தக் காழியும் இடந்தரமாட்டார்.

பலகை என்னும் அமானிதம்

செய்தி ஒன்று வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவு பெறுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது. அந்தப் பண்பிலிருந்துதான் அஸ்மாஉர் ரிஜாலும், தஸ்ஹீஃப் துறையும் பிறந்தன. ஹதீஸுக்கு நாம் காட்டும் அந்த நுணுக்கத்தை நம் வரலாற்றுச் சின்னங்களுக்கும் காட்ட வேண்டும். மாலே பலகையில் ஒரு பல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு பெரியாரின் தாயகம் மாறுகிறது. ஒரு பூச்சு வண்ணம், ஒரு கவனமற்ற இழைப்பு, ஒரு கரையான் புற்று போதும். அந்தப் பல் என்றென்றைக்கும் மறைந்துவிடும். அதன்பின் எத்தனை நூல்கள் எழுதினும் பயனில்லை.

நம் ஊர்களின் பழைய பள்ளிவாசல்களிலும் மிம்பர்களிலும் நிலைக்கதவுகளிலும் முன்னோர் செதுக்கிய அறபு வாசகங்கள் உண்டு. புதுப்பிக்கும் ஆர்வத்தில் அவற்றின் மீது வண்ணம் பூசுவதும், பழைய மரத்தை அகற்றுவதும் நல்லெண்ணத்துடனேயே நிகழ்கின்றன. தூரிகையை எடுக்குமுன், அறபு அறிந்த ஒருவர் அவ்வெழுத்தைப் படித்து, புள்ளிகளும் பற்களும் தெளிவாகத் தெரியும்படி நிழற்படம் எடுத்து, படியெடுத்து வைத்துவிட்டால் போதும். அறபுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் மேற்கொள்ளத்தக்க எளிய பணி இது. முஃதலிஃபும் முக்தலிஃபும் வகுப்பறையில் மட்டும் படித்து முடிக்கும் பாடங்களல்ல.

அபுல் பரகாத் அவர்கள் மாலேக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்கள் என்பதை ஆராய்ச்சி தொடர்ந்து தேடட்டும். அவர்கள் தம் பெயரைப் பொறிக்கச் சொல்லவில்லை. தம் ஊரைப் புகழச் சொல்லவுமில்லை. அவர்களின் நன்மையைப் பெற்ற மக்களே நன்றியுணர்வுடன் அதனை மரத்தில் செதுக்கினர். அந்த நன்றி பிழையின்றி அடுத்த தலைமுறையைச் சென்றடைய வேண்டும் என்பதே நம் கவலை. அல்லாஹ் அப்பெரியாரின் பணியை ஏற்று, அவர்களுக்கு மறுமையில் உயர்பதவியை வழங்குவானாக! வல்லாஹு அஃலம்.